ஆண்ட்ரோசேசி: ஏர்கான் அறையில் ஆல்ப்ஸ் செடி வளருமா?

கேள்வி, 18 ஜனவரி (சிங்கப்பூர், செங்காங் வாசகர்)

அண்ணா, ஆண்ட்ரோசேசி என்ற மலைச்செடியின் படம் ஒன்று கண்ணில் பட்டது. பாறை இடுக்கில் ஒரு பச்சைப் பந்து. அதன்மேல் இலையே தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூக்கள். குளிர் இருந்தால் போதும், வளர்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். என் அறையில் இரவு முழுவதும் ஏர்கான் 18-இல் ஓடுகிறது, பகலில் ஜன்னலோரம் நல்ல வெளிச்சம். இது போதாதா? கரையோரப் பூந்தோட்டத்தின் குளிரூட்டிய கண்ணாடிக்கூடமான ஃபிளவர் டோமிலாவது வைக்கலாமே?

18 ஜனவரி, இரவு

போதாது. மின்கட்டணம்தான் வளரும். காரணம் நாளை.

19 ஜனவரி

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். ஆண்ட்ரோசேசி தனி ஒரு செடியின் பெயர் அன்று, ஒரு பேரினம். செடிகளுக்குப் பெயரிட்ட சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1753-லேயே பதிவு செய்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இமயமலையும் மேற்குச் சீன மலைகளும்தான் அவற்றின் தலைமை இடம். மற்றவை ஆல்ப்ஸ், பிரனீஸ், காக்கசஸ், வட அமெரிக்க மலைகள் என்று சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் பந்தாக வளர்வதும் இல்லை. முளைத்து, பூத்து, விதை சிந்தி, அதே ஆண்டில் செத்துப்போகிற ஒல்லிச் செடிகளும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம். தம்பி பார்த்தது ஹெல்வெட்டிகா, வாண்டெல்லி என்ற இரண்டு இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னதற்குச் சுண்ணாம்புப் பாறை வேண்டும். பின்னதற்குச் சுண்ணாம்பு ஆகாது, கருங்கல் வகைப் பாறைதான் வேண்டும்.

இப்போது பந்துக்கு வருகிறேன். இப்படிப் பந்தாக வளர்வதை மெத்தைச் செடி என்பார்கள். ஒவ்வொரு கிளை நுனியிலும் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் இலைக்கொத்து இருக்கும். இலைகளில் மெல்லிய ரோமம். அப்படி நூற்றுக்கணக்கான கிளைகள் ஒரே உயரத்துக்கு, இடைவெளி விடாமல் நெருக்கியடித்து நிற்கின்றன. எந்தக் கிளையும் மற்றதை முந்திப் போவதில்லை. காய்ந்த இலை உதிர்வதும் இல்லை. கிளையிலேயே ஒட்டிக்கிடந்து உள்ளுக்குள் மக்கி, அந்தச் செடிக்கே எருவாகவும் ஈரம் பிடிக்கும் பஞ்சாகவும் ஆகிறது. அடியில் ஒற்றை ஆணிவேர் பாறைப் பிளவுக்குள் வெகுதூரம் இறங்கியிருக்கும்.

இந்த அமைப்பால் காற்று மேலே வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது, உள்ளே நுழைவதில்லை. வெயில் பட்டால் சூடு தங்கிவிடுகிறது. வெயில் அடிக்கும் நேரத்தில் இத்தகைய பந்துகள் சுற்றுக்காற்றைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் சூடாக இருப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 'குளிர் இருந்தால் போதும்' என்று எழுதியவர் செடியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். குளிர்காற்றுக்கு நடுவில் தனக்கென்று ஒரு வெதுவெதுப்பான அறையைக் கட்டிக்கொள்ளத் தெரிந்த செடி இது.

20 ஜனவரி

'அப்படியானால் சூடு பிடிக்கும் செடிதானே, சிங்கப்பூர் ஏன் ஆகாது?' என்று ஈசூன் வாசகர் ஒருவர் மடக்குகிறார். நல்ல மடக்கு.

பகல் வெயிலை அது ஓரளவு தாங்கும். நம் இரவைத்தான் தாங்காது. மலையில் வெயில் சாய்ந்ததும் வெப்பம் சரசரவென்று இறங்கிவிடும், கோடையிலேயே பல இரவுகள் உறைநிலையைத் தொடும். பகலில் சமைத்த சர்க்கரையை அந்தக் குளிரில் செடி அதிகம் செலவழிப்பதில்லை. இங்கே விடியற்காலையில்கூட 24, 25 டிகிரி. இருட்டில் தயாரிப்பு இல்லை, செலவு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கையிருப்பு கரைந்துவிடும்.

அடுத்தது ஈரம். காற்றோட்டமுள்ள மலையில் பந்தின் உள்ளே மக்கும் இலைகள் அதற்குச் சொத்து. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவே பூஞ்சணத்துக்கு விருந்து. ஐரோப்பாவில் வளர்ப்பவர்களே சாம்பல் பூஞ்சணத்துக்குப் பயந்து சாகிறார்கள். பழுப்பேறிய ஓர் இலைக்கொத்தைக் கண்டால் இடுக்கியால் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை.

மூன்றாவது குளிர்காலம். பனிப்போர்வைக்குள் பல மாதங்கள், உறைநிலையை ஒட்டிய குளிரில், இருட்டில் அது உறங்க வேண்டும். பல இனங்களின் விதைகள் அந்தக் குளிரைக் கடந்தால்தான் முளைக்கவே செய்யும். தம்பியின் 18 டிகிரி அதற்கு ஒரு நல்ல கோடை நாள். ஆண்டு முழுவதும் கோடை நாளாகவே இருந்தால் அது எப்போது தூங்கும்?

ஜன்னலோர வெளிச்சத்தைப் பற்றி வீட்டைப் பார்க்காமல் சொல்லக் கூடாது. ஆனால் வீவக அரசு அடுக்குமாடி வீடுகளில் ஜன்னலுக்கு மேலே ஒரு தடுப்பு, எதிரே இன்னொரு புளோக், இடையில் காய்கிற துணி. மலையுச்சி வெயில் எங்கிருந்து வரும்?

20 ஜனவரி, சற்றுக் கழித்து

ஊட்டியில் பார்த்ததாகப் பிடோக் வாசகி அக்கா எழுதியிருக்கிறார். தோட்டத் தொட்டியில் யாராவது வைத்திருந்தால் எனக்குத் தெரியாது. நீலகிரியில் இயற்கையாக இது கிடையாது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அங்கே உறைபனி விழும், ஆனால் அது புல்வெளியும் சோலைக்காடும் சேர்ந்த வேறோர் உலகம். அக்கா பார்த்தது பாசியாக இருக்கலாம்.

22 ஜனவரி

மலைக் குடுவைச்செடிகளை (நெப்பந்தஸ்) ஒயின் குளிர்பெட்டியில் விளக்குப் போட்டு வளர்க்கும் நண்பர் ஒருவர் இங்கே எழுதுவார். 'நெப்பந்தஸ் வளரும்போது இது வளராதா' என்பது அவர் கேள்வி. அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே போர்னியோவின் கினபாலு மலைக் குடுவைகள் வரிசையாகத் தொங்கும். அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் குடுவைகள் வெப்பமண்டல மேகக்காட்டுச் செடிகள். அவற்றுக்கு வேண்டியது குளிர்ந்த இரவும் ஓயாத ஈரமும். குளிர்காலம் என்ற ஒன்றே அவற்றின் நாட்காட்டியில் இல்லை. அதே பெட்டியில் ஆண்ட்ரோசேசியை வைத்தால், குளிர் பொருந்தும், ஈரம் அழுகவைக்கும். ஃபிளவர் டோமுக்குப் பக்கத்துக் குளிர்கூடமான கிளவுட் ஃபாரஸ்ட்டைப் பார்த்துவிட்டு வந்து இதே கேள்வியைக் கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். அங்கே இருப்பது மூடுபனி மலை, மரங்கள் வளரும் எல்லைக்கும் மேலே உள்ள ஆல்பைன் மலை வேறு.

23 ஜனவரி

ஃபிளவர் டோம் கேள்வியை விட்டுவிட்டேன். அதன் வெப்பநிலை சுமார் 23 முதல் 25 வரை. மத்தியதரைக் கடல் ஓரத்துச் செடிகளுக்கும் ஆலிவ் மரங்களுக்கும் கணக்குப் போட்டது. காற்றின் ஈரத்தைத் தனியாக உறிஞ்சி எடுக்கிறார்கள் என்பது உண்மை, அந்த மட்டில் நம் செடிக்குக் கொஞ்சம் ஆறுதல். இரவு மட்டும் ஒத்துவராது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. ஃபிளவர் டோமையும் கிளவுட் ஃபாரஸ்ட்டையும் வடிவமைத்த வில்கின்சன் ஐர் நிறுவனம்தான் லண்டன் கியூ தோட்டத்தில் 2006-இல் திறந்த டேவிஸ் ஆல்பைன் இல்லத்தையும் வடிவமைத்தது. அது சின்னக் கட்டடம். உயரமான கண்ணாடி வளைவு, தரைக்கடியில் சுற்றிச்சுற்றிப் போகும் கான்கிரீட் பாதை. அந்தப் பாதையில் இரவுக் குளிர்ச்சியைச் சேர்த்துவைத்துப் பகலில் செடிகளின்மேல் ஊதுகிறார்கள். சூடான காற்று தானாக மேலேறிக் கூரை வழியாக வெளியேறிவிடும். லண்டனில் அது நடக்கும், ஏனென்றால் லண்டனுக்குக் குளிர்ந்த இரவு இருக்கிறது. அதே கட்டடத்தை நம் சிங்கப்பூர் மரினாவில் கொண்டுவந்து வைத்தால் நம் இரவிலிருந்து எதைச் சேர்த்துவைக்கும்?

மகள் அங்கே படித்தபோது ஒரு மார்ச் மாதம் போயிருந்தேன். வாண்டெல்லி பூத்து நின்றது. அடியில் ஏதாவது பச்சை தெரிகிறதா என்று குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. பூவுக்குக் காம்பே இல்லாததுபோல ஒவ்வொன்றும் பந்தோடு ஒட்டி, ஒன்றின் இதழ் மற்றதன்மேல் ஏறி, முழுவதும் வெள்ளை. தொண்டையில் மட்டும் மஞ்சள் புள்ளி. 'இதற்காகவா இவ்வளவு தூரம் நடக்கவைத்தீர்கள்' என்று கேட்டாள் மகள். தொட்டியின் விட்டம் அவள் கைப்பேசியின் நீளம்கூட இருக்காது.

27 ஜனவரி

ஆளுயரப் பச்சைப் பாறைபோல ஒரு செடி, பக்கத்தில் தொப்பி போட்ட மனிதர், கீழே 'இமயமலையின் 3,000 ஆண்டு ஆண்ட்ரோசேசி' என்று எழுத்து. இந்தப் படத்தை இதுவரை மூன்று பேர் இங்கே ஒட்டிவிட்டார்கள். ஐயா, அது இமயமலையும் இல்லை, ஆண்ட்ரோசேசியும் இல்லை. தென்னமெரிக்க ஆண்டிஸ் மலையின் யாரெட்டா, அசொரெல்லா பேரினம். பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினாவின் உயரமான வறண்ட மேடுகளில் வளர்வது. கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பம் என்றால் நம்புவீர்களா? ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான் வளரும். பிசின் நிறைந்தது, நன்றாக எரியும். அதனால் விறகாக வெட்டியே பல இடங்களில் அழித்துவிட்டார்கள்.

ஒன்றுக்கொன்று உறவில்லாத குடும்பங்கள் வெவ்வேறு கண்டங்களில் ஒரே பந்து வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நியூசிலாந்தின் ரவோலியா சூரியகாந்திக் குடும்பம். தூரத்தில் பார்த்தால் செம்மறி ஆடு படுத்திருப்பதாகத் தோன்றும். ஆண்ட்ரோசேசிக்குள்ளேயே இந்தப் பந்து வடிவம் ஒரு தடவைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

30 ஜனவரி

விதை விவகாரம். 'அரிய ஆல்ப்ஸ் பாறை மல்லிகை, நீலம், ஊதா, வானவில் நிறம்' என்று இணையக் கடை ஒன்றில் ஆண்ட்ரோசேசி விதை விற்கிறார்கள். நீல ஆண்ட்ரோசேசி எங்கேயும் கிடையாது. தெரிந்தேதான் ஒரு பொட்டலம் வாங்கினேன். கறுப்பாக, வழவழப்பாக, ஒரே அளவில் விதைகள். ஈரத்தாளில் போட்டுவிட்டுப் பல் துலக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் ஒவ்வொன்றைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு வீங்கி நின்றது. சப்ஜா! தேக்கா சந்தையில் ஒரு வெள்ளிக்குக் கை நிறையக் கிடைக்கும். மனைவி மீதியை ரோஸ்மில்க்கில் போட்டுவிட்டார்.

உண்மையான விதையே கிடைத்தாலும், வெளிநாட்டிலிருந்து விதையோ செடியோ வரவழைக்க விதிமுறைகள் இருக்கின்றன. தேசியப் பூங்காக் கழகத்தின் பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தபாலில் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

3 பிப்ரவரி

'மெத்தைச் செடி' என்கிறீர்களே, தொட்டால் மெத்தென்று இருக்குமா என்று கேட்கிறார் பிடோக் அக்கா. ஆண்ட்ரோசேசியை நான் தொட்டதில்லை. அதைப்போலவே பந்தாக வளரும் சைலீனி அகாலிஸைத் தொட்டிருக்கிறேன், சுவிட்சர்லாந்தில் ஷீனிகே பிளாட்டே மேலே நடைபாதை ஓரத்தில். விரலை அழுத்தினால் உள்ளே போகவில்லை, தேங்காய்நார் மிதியடியின் விறைப்பு. காற்று காதைப் பிய்த்தது, நான் இரண்டு சட்டை போட்டிருந்தேன். உள்ளங்கையைச் செடியின்மேல் வைத்தால் கதகதப்பு. தெற்குப் பக்கம் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளியிருந்தது, வடக்குப் பக்கம் இன்னும் மொட்டு. வெயில் படும் பக்கம் முந்திக்கொள்வதால் அதைத் திசைகாட்டிச் செடி என்றும் சொல்வார்கள். ஒரே செடியில், சாண் அகலத்துக்குள், இரண்டு பருவம்.

இன்டர்லாக்கன் போகிற நம்மவர்கள் எல்லாரும் யுங்ஃபிரா பனிமலைக்கு டிக்கெட் எடுத்து, பனியில் படம் பிடித்து, மேலே இந்திய உணவு கிடைக்கிறதா என்று தேடிவிட்டுத் திரும்புகிறார்கள். பக்கத்திலேயே வில்டர்ஸ்வில்லிலிருந்து 1893-ஆம் ஆண்டிலிருந்து ஒரு பல்சக்கர ரயில் ஷீனிகே பிளாட்டேக்கு ஏறுகிறது. மேலே ஓர் ஆல்பைன் தோட்டம். சுவிஸ் மலைச்செடிகளை அவை வாழும் பாறை, சரளை, புல்வெளிக்குத் தக்கபடி பிரித்து நட்டிருக்கிறார்கள். செடி பார்க்க ஆசையிருந்தால் தொட்டியில் வைத்துக் கொல்வதைவிட அந்த டிக்கெட் லாபம். கோடையில் மட்டும்தான் ரயில் ஓடும்.

4 பிப்ரவரி

நேற்று 'தொட்டியில் வைத்துக் கொல்வதைவிட' என்று எழுதிய வரி சுள்ளென்று இருந்ததாகச் செங்காங் தம்பிக்கு வருத்தம். இருக்கட்டும், வரியை மாற்றப் போவதில்லை.

8 பிப்ரவரி

மூன்று வாரமாக 'முடியாது' என்றே சொல்லிவருகிறேன். ஒயின்பெட்டி நண்பர் விடவில்லை. அவர் வாதத்தை மறுபடி யோசித்தேன். எந்திரக் கணக்கில் பார்த்தால் முடியும். பகலில் 15, இரவில் 4, கடும் விளக்கு, ஓயாத மின்விசிறி, ஈரம் உறிஞ்சும் கருவி, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைநிலையை ஒட்டிய இருட்டு. மண்தொட்டியை ஈர மணலில் புதைத்து, தொட்டியின் சுவர் வழியாகக் கசியும் ஈரத்தை மட்டும் கொடுத்து, பந்தின் கழுத்தைச் சுற்றிச் சரளைக்கல் அடுக்கி, தலைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் பிழைக்கக்கூடும். இங்கிலாந்தில் ஆல்பைன் செடி வளர்ப்போர் சங்கம் 1929-இலிருந்து இருக்கிறது. அங்குள்ளவர்கள் மண்தொட்டி, மணல், சரளை இதையெல்லாம் பழக்கத்தில் செய்கிறார்கள், குளிர்காலத்தை மட்டும் வானம் இலவசமாகத் தருகிறது.

ஆகவே 'முடியாது' என்பதை 'நான் செய்ய மாட்டேன்' என்று திருத்திக்கொள்கிறேன். மின்சாரம் ஒரு மதியம் நின்றால் எல்லாம் போச்சு. அது கட்டிக்கொள்ளும் வீட்டை ஒதுக்கிவிட்டு நாம் ஓர் எந்திர வீட்டைக் கட்டிக்கொடுத்து, அதற்குள் அதை வைத்துப் பார்ப்பதில் எனக்கு ருசி இல்லை. பந்தாக இருப்பதற்கே காற்றும் வெயிலும்தான் காரணம். வெளிச்சம் குறைந்தால் கிளைகள் நீண்டு, பந்து அவிழ்ந்து, சாதாரண வதங்கிய செடியாகிவிடும். நண்பருக்கு ருசி இருந்தால் செய்து பார்க்கட்டும். படம் போடுங்கள், வந்து பார்க்கிறேன்.

9 பிப்ரவரி

பூக்கும் செடி எவ்வளவு உயரம் வரை போகும் என்று கேட்டவருக்கு: ஐரோப்பாவில் பூக்கும் செடி எட்டிய உச்சம் சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்தருகே 4,505 மீட்டர். அது சாக்ஸிஃப்ராகா ஒப்போசிட்டிஃபோலியா, ஆண்ட்ரோசேசி இல்லை. லடாக்கில் 6,150 மீட்டரில் பூக்கும் செடிகளைக் கண்டிருக்கிறார்கள். புக்கிட் தீமா 164 மீட்டர். ஆகவே நம் தீவில் ஆல்பைன் மண்டலத்தைத் தேட வேண்டாம். பக்கத்து நாடான மலேசியாவின் உச்சம் சபாவின் கினபாலு, 4,095 மீட்டர். அங்கே பகலெல்லாம் கோடை, இரவெல்லாம் குளிர்காலம் என்று ஒவ்வொரு நாளுக்குள்ளேயே மாறும். ஆண்ட்ரோசேசி அங்கும் கிடையாது.

13 பிப்ரவரி

பூவின் மஞ்சள் தொண்டையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆண்ட்ரோசேசியின் பல இனங்களில் பூ விரியும்போது தொண்டை மஞ்சள். வயதானதும், மகரந்த வேலை முடிந்ததும், அது சிவக்கும். பூ உதிர்வதில்லை. தூரத்துப் பூச்சிக்குக் கூட்டம் பெரிதாகத் தெரிய வேண்டும் அல்லவா? கிட்ட வந்த பூச்சி, மஞ்சளில்தான் தேன் இருக்கும், சிவப்பில் இருக்காது என்று கற்றுக்கொள்கிறது. குறைந்த கோடை, குறைந்த பூச்சி உள்ள இடத்தில் இருவருக்கும் நேரம் மிச்சம்.

இந்த வித்தையைப் பார்க்க மலையேற வேண்டாம். நம் புளோக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் உன்னிச்செடி இருந்தால் ஒரு பூங்கொத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. வண்ணத்துப்பூச்சி எதில் குழலை விடுகிறது என்று எண்ணுங்கள். நான் எண்ணினேன், பக்கத்து வீட்டு அங்கிள் என்னை விசாரித்துவிட்டுப் போனார்.

15 பிப்ரவரி

'சரி, பந்து பந்தாக ஏதாவது நட்டே ஆக வேண்டும்' என்கிறார் தம்பி. விடமாட்டார். வெயில் உள்ள இடம் கிடைத்தால் கொரியன் புல் எனப்படும் மெல்லிய சோய்சியாப் புல்லை நட்டு, வெட்டாமல் விடுங்கள். சில காலத்தில் அலையலையாக மேடிடும். தாழ்வாரத்தில் வேண்டாம், வெயில் பற்றாது.

19 பிப்ரவரி

இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆண்ட்ரோசேசி, பிரிமுலேசி என்ற தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்து மரம் ஒன்று சிங்கப்பூரின் சேற்றில் நிற்கிறது. ஈஜிசெராஸ் கார்னிகுலேட்டம், சதுப்புநிலச் செடி. முன்பு வேறு குடும்பத்தில் வைத்திருந்தார்கள், மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு இங்கே சேர்த்தார்கள். ஒன்று பனியில், மற்றொன்று கடல் சேற்றில். மலையில் இருப்பது சூட்டைச் சேர்த்துப் பிழைக்கிறது, சேற்றில் இருப்பது உப்பை வெளியே தள்ளிப் பிழைக்கிறது. இலையின் மேற்பரப்பில் வெள்ளைத் துகள்களாக உப்பு படிந்திருக்கும். காய் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்தது. அதற்குள், மரத்தில் இருக்கும்போதே, விதை முளைத்துத் தயாராக இருக்கும். பூ வெள்ளை, சின்னது, ஐந்து இதழ்.

சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் பார்க்கலாம். 2002-இல் இயற்கைக் காப்பகமாக அறிவித்த இடம். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி பஸ். நுழைவுக் கட்டணம் இல்லை, கொசுவுக்கு மட்டும் கட்டணம் கட்ட வேண்டும்.

20 பிப்ரவரி

தம்பி நேற்றே போய்விட்டு வந்து 'உப்பு ஒன்றும் இல்லையே அண்ணா' என்கிறார். முந்தின நாள் மழை கொட்டித் தீர்த்ததே, உப்பு எப்படி இருக்கும்? தொடர்ந்து வெயில் அடித்த பிறகு, மத்தியானம் போங்கள். பலகைப் பாதைக்குப் பக்கத்திலேயே எட்டும் உயரத்தில் இலை இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், பறிக்காதீர்கள், அது காப்பகம்.